கவிதையிலிருந்து தூக்குமேடை வரை: சையித் குதுப்

இருபதாம் நூற்றாண்டு எகிப்திய வரலாற்றில் சையித் குதுப் என்னும் பெயர் இரண்டு இடங்களில் பதிவாகியுள்ளது. இலக்கிய வரலாறு எழுதுவோர் அவரைக் கவிஞர் என்றும், திறனாய்வாளர் என்றும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸின் ஆற்றலை முதலில் இனங்கண்ட மிகச் சிலருள் ஒருவர் என்றும் குறிப்பர். அரசியல் வரலாறு எழுதுவோர், இஸ்லாமிய அரசியல் இயக்கங்களின் தீவிரப் பிரிவினர்க்குக் கோட்பாடு வகுத்தளித்தவர் என்றும், அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1966இல் தூக்கிலிடப்பட்டவர் என்றும் குறிப்பர். இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியே படிப்போர்க்கு இருவேறு மனிதரைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றும். ஒரு மனிதர் இருவேறு மனிதராக மாறியது எங்ஙனம் என்பதே அவர் வாழ்வு எழுப்பும் வினா. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவும் அதுவே.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். இஸ்லாம் என்னும் சமயமும் இஸ்லாமிய அரசியல் என்னும் இயக்கமும் ஒன்றல்ல. முன்னது பதினான்கு நூற்றாண்டுகளாகக் கோடானுகோடி மக்களின் வழிபாடாகவும் வாழ்வொழுக்கமாகவும் நின்று வருவது. பின்னது, ஆட்சியதிகாரத்தைப் பெற்று அதன்வழி ஷரீஅத்தை நாட்டின் சட்டமாக்கிச் சமூகத்தை மாற்றியமைக்க முடியும் என்னும் நம்பிக்கையில், காலனி ஆட்சியின் பிற்காலத்தே உருவெடுத்தது. இவ்வியக்கத்தின் முன்னோடிகள் பலர் மரபுவழி மதரசாக்களிலிருந்து வந்த உலமாக்கள் அல்லர் என்பது கருதத்தக்கது. 1928இல் இஸ்மாயிலியா நகரில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைத் தோற்றுவித்த ஹசன் அல்-பன்னா பள்ளி ஆசிரியர். 1941இல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கிய மௌலானா மௌதூதி இதழாசிரியர். சையித் குதுப் கவிஞர்.

சிற்றூரும் சிறுவனும்

மேல் எகிப்தில் அஸ்யூத் மாவட்டத்தைச் சேர்ந்த மூஷா என்னும் சிற்றூரில் 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் குதுப் பிறந்தார். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் கலந்து வாழும் பகுதி அது. தந்தையார் நிலவுடைமையாளர். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக முஸ்தஃபா காமில் நிறுவிய தேசியக் கட்சியில் ஈடுபாடு கொண்டிருந்தார். எனினும் குடும்பத்தின் நிலம் ஆண்டுக்காண்டு விலைபோய்க் கொண்டிருந்தது. தாயார் இறைப்பற்றும் திருமறை கேட்பதில் பெருவிருப்பமும் உடையவர். பத்து வயதிற்குள் மகன் திருக்குர்ஆன் முழுமையும் மனனம் செய்தார். ஆயினும் அவர் கற்றது ஊர் மக்தபில் அன்று; புதிய அரசுப் பள்ளியில். மரபுக் கல்விக்கும் புதுக் கல்விக்கும் இடையே நின்ற தலைமுறை அது.

இவ்விளமைக் காலத்தை அவர் 1946இல் ‘கிராமத்துச் சிறுவன்’ என்னும் நூலாக எழுதினார். கண்பார்வையிழந்தும் அரபு உலகின் தலைசிறந்த அறிஞராய் விளங்கிய தாஹா ஹுசைனுக்கு அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது. பேய்பிசாசு பற்றிய ஊராரின் அச்சமும், கிராமத்தார் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வந்த அரசுப் படையினர் ஊராரை அடித்துத் துன்புறுத்திய நாளும் அந்நூலில் உயிரோடு விளங்குகின்றன. அறுவடைக் காலத்தில் தொலைவிலிருந்து வந்து கூலிக்கு உழைத்த ஏழைகளைப் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. அவர்தம் உழைப்பில் தம் குடும்பம் உண்டது என்னும் நாணவுணர்வு அப்பகுதியில் வெளிப்படை. அரசின் கையில் உள்ள தடியையும் ஏழையின் வெறுங்கையையும் அச்சிறுவர் ஒருங்கே கண்டார். அவ்விரண்டும் இறுதிவரை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கவிஞரும் திறனாய்வாளரும்

1919ஆம் ஆண்டுப் புரட்சி ஓய்ந்த சில ஆண்டுகளில் குதுப் கெய்ரோவில் இருந்த தாய்மாமனிடம் வந்து சேர்ந்தார். தாருல் உலூம் என்னும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று 1933இல் பட்டம் பெற்றார். பின்னர் ஆசிரியராகவும் கல்வி அமைச்சக அலுவலராகவும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். தந்தையாரின் மறைவுக்குப் பின் தாயாரையும் தம்பி முஹம்மதையும் தங்கையர் அமீனா, ஹமீதா ஆகியோரையும் காக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. நிறைவேறாத காதல் ஒன்றின் சாயல் 1947இல் வெளிவந்த ‘முட்கள்’ என்னும் நாவலில் உண்டு.

அக்காலத்து அரபுக் கவிதையுலகு இரு முகாம்களாகப் பிரிந்து நின்றது. அஹ்மத் ஷவ்கியைத் தலைமையாகக் கொண்டோர் பழைய யாப்பின் ஓசைச் செம்மையையும் அவைக்கேற்ற பொருளையும் போற்றினர். அப்பாஸ் மஹ்மூத் அல்-அக்காத் முதலானோர், கவிதை கவிஞனின் தனியுணர்விலிருந்து பிறக்க வேண்டும் என்றும், உவமை அணிக்காக அன்றி உணர்வுக்காகவே அமைய வேண்டும் என்றும் வாதிட்டனர். குதுப் அக்காதின் மாணவரானார். கல்லூரி மாணவராய் இருந்தபோதே கவிஞனின் கடமை பற்றி ஆற்றிய உரை நூலாயிற்று. 1935இல் ‘அறியப்படாத கரை’ என்னும் கவிதைத் தொகுதி வெளிவந்தது. தனிமை, ஏக்கம், காலத்தின் ஓட்டம், கடந்தபின் மீளாத எல்லை ஆகியவையே அத்தொகுதியின் பாடுபொருள்கள். அரசியல் அங்கு இல்லை.

கவிஞராய்ப் பெற்ற புகழினும் திறனாய்வாளராய்ப் பெற்ற புகழே அவருக்கு மிகுதி. ‘அல்-ரிசாலா’ முதலான இதழ்களில் அவர் எழுதிய திறனாய்வுக் கட்டுரைகள் கூர்மைக்கும் கடுமைக்கும் பெயர் பெற்றவை. எகிப்தின் பண்பாட்டை ஐரோப்பாவோடு இணைத்துக் கண்ட தாஹா ஹுசைனின் நூலை 1939இல் மறுத்தெழுதினார். எனினும் அம்மறுப்பு மதிப்போடு கூடியது. 1944இல், அப்போது பலரும் அறியாத இளைஞராய் இருந்த நகீப் மஹ்ஃபூஸின் வரலாற்று நாவலைப் பாராட்டி எழுதினார். அதனையடுத்துக் கெய்ரோவின் சந்து வாழ்வைப் பேசிய ‘கான் அல்-கலீலி’யையும் ‘புதிய கெய்ரோ’வையும் வாசகர்க்கு அறிமுகம் செய்தார். மனிதரை நல்லவர் தீயவர் எனப் பகுக்காமல், ஐயமும் ஆசையும் அச்சமும் கலந்தவராய்க் காட்டும் எழுத்தை அவர் உவந்து வரவேற்ற காலம் அது.

திருமறையின் சொல்லோவியம்

குதுபின் இலக்கியப் பணியில் இன்றளவும் மதிக்கப்படுவது 1945இல் வெளிவந்த ‘குர்ஆனில் கலைச்சித்திரிப்பு’ என்னும் நூல். 1939இல் இதழ்க் கட்டுரையாக முளைத்த கருத்தின் விரிவு அது. சிறு வயதில் திருமறை ஓதக் கேட்கும்போதெல்லாம் தம் மனக்கண்முன் எளிய சித்திரங்கள் தோன்றியதையும், கல்லூரியில் உரைநூல்களைக் கற்றபின் அவை மறைந்து போனதையும் அவர் நினைவுகூர்கிறார். மறைந்த அச்சித்திரங்களைத் தேடிச் சென்ற பயணமே அந்நூல். பழைய அணியிலக்கண ஆசிரியர்கள் தனித்தனிச் சொற்றொடரில் உவமை, உருவகம் எனப் பிரித்துக் காட்டி நிறைவுற்றனர் என்பது அவர் கருத்து. அவர்களுள் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி ஒருவரே பொதுவிதி ஒன்றினை நெருங்கினார் என்று அவர் போற்றுகிறார். காட்சி, அசைவு, ஓசை ஆகியவை ஒன்றி மெய்ப்பாட்டை எழுப்புவதே திருமறையின் நடைக்குரிய பொதுவிதி என்பது அவர் நிறுவிய முடிவு.

இவ்வாறு திருமறையின் சொல்லழகை ஆராய்தல் அந்நாளில் இடர் மிக்க செயல். 1947இல் முஹம்மத் அஹ்மத் கலஃபல்லா என்னும் ஆய்வாளர் திருமறைக் கதைகளின் கலைத்திறன் பற்றி அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு எதிர்ப்புக்கு உள்ளாகி மறுக்கப்பட்டது. குதுபின் நூலோ வரவேற்புப் பெற்றது. சமய வாதத்தில் இறங்காமல் இலக்கியச் சுவையிலேயே அவர் நின்றமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. பிற்காலத்தில் அவரை அரசியல் தலைவராக மட்டுமே அறிந்தவர்கள், அவர் திருமறைக்குள் புகுந்த வாயில் கவிதை என்பதை மறந்துவிடுகின்றனர்.

திருப்பம்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் எகிப்தின் நிலை கொதிப்பாயிருந்தது. பாரூக் மன்னரின் அரண்மனை ஆடம்பரத்தில் மூழ்கியிருந்தது. விளைநிலத்தின் பெரும்பகுதி சிலரின் கையில் இருந்தது. ஆங்கிலேயப் படை சூயஸ் கால்வாய்க் கரையில் நிலைகொண்டிருந்தது. 1948இல் பாலஸ்தீனப் போரில் அரபுப் படைகள் தோற்றன. குதுபின் எழுத்து இலக்கியத்திலிருந்து விலகிக் கூலி, நிலம், நீதி என்னும் பொருள்களை நாடிற்று. அவர் ஆசிரியராயிருந்து நடத்திய ‘புதிய சிந்தனை’ என்னும் இதழ் 1948இல் சில திங்களிலேயே நின்றுபோயிற்று. அவர் எழுதிய ‘இஸ்லாத்தில் சமூக நீதி’ 1949இல் வெளிவந்தது. முதலாளித்துவமும் பொதுவுடைமையும் தர இயலாத நீதியை இஸ்லாம் தரும் என்பது அந்நூலின் சாரம். ஏழைக் கூலியாளைக் கண்டு நாணிய சிறுவரின் குரல் அதில் கேட்கிறது.

நூல் அச்சாகி வெளிவந்தபோது ஆசிரியர் நாட்டில் இல்லை. கல்வி அமைச்சகம் அவரை 1948 நவம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. வாஷிங்டனிலும், கொலராடோ மாநிலத்துக் கிரீலி நகரிலும், கலிஃபோர்னியாவிலும் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கினார். கிரீலி மது விற்பனைக்குத் தடை விதித்திருந்த அமைதியான ஊர். அங்கும் தேவாலயத்தில் வழிபாட்டுக்குப் பின் நடந்த ஆண் பெண் கூட்டு நடனம் அவரைத் திடுக்கிட வைத்தது. அமெரிக்கர் அறிவியலில் உயர்ந்தோர், உணர்விலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தோர் என்னும் முடிவோடு திரும்பி 1951இல் தொடர் கட்டுரை எழுதினார். மஹ்ஃபூஸின் கதைமாந்தரிடம் நன்மையும் தீமையும் கலந்திருக்கக் கண்டு மகிழ்ந்த திறனாய்வாளர், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே வரியில் தீர்ப்பிட்ட முதல் இடம் இது எனலாம்.

அவர் அயல்நாட்டில் இருந்தபோது எகிப்தில் குருதி சிந்தப்பட்டது. 1948 டிசம்பரில் தலைமை அமைச்சர் நுக்ராஷி சகோதரத்துவ இயக்கத்தைத் தடைசெய்தார். அதே திங்களில் அவ்வியக்கத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். 1949 பிப்ரவரியில் ஹசன் அல்-பன்னா கெய்ரோத் தெருவில் சுடப்பட்டு இறந்தார். கொலைக்குக் கொலை விடையாகும் வழக்கம் இயக்கத்திற்கும் அரசுக்கும் இடையே அவ்வாறு வேரூன்றிற்று.

புரட்சியின் நட்பும் பகையும்

1952 ஜூலை 23 அன்று இளம் படையதிகாரிகள் மன்னராட்சியை அகற்றினர். குதுப் அவர்களை மகிழ்ந்து வரவேற்றார். கமால் அப்துல் நாசர் உள்ளிட்டோரோடு நெருங்கிப் பழகி, புதிய ஆட்சி நிறுவிய விடுதலைப் பேரணி என்னும் அமைப்பிலும் சிறிது காலம் பணியாற்றினார். பழைய கட்சிகளை ஒதுக்கி, நீதியின் பொருட்டு வன்கையோடு ஆள வேண்டும் என்று அவ்வதிகாரிகளுக்கு அறிவுறுத்தி எழுதியவருள் அவரும் ஒருவர். தாம் வேண்டிய அவ்வன்கை பின்னர்த் தம் மீதே விழும் என்பதை அவர் அன்று எண்ணியிருக்க இயலாது.

புதிய ஆட்சி தேசியத்தின் வழியே செல்வதைக் கண்டு, 1953இல் விலகிச் சகோதரத்துவ இயக்கத்தில் சேர்ந்தார். அதன் பரப்புரைத் துறைக்குத் தலைவராகவும் இதழாசிரியராகவும் ஆனார். 1954 அக்டோபர் 26 அன்று அலெக்ஸாண்டிரியாவின் மன்ஷிய்யா சதுக்கத்தில் பேசிக்கொண்டிருந்த நாசரை இயக்கத்தவர் ஒருவர் சுட்டார். குண்டுகள் தவறின. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர், அறுவர் தூக்கிலிடப்பட்டனர். குதுப் துன்புறுத்தப்பட்டார். 1955 ஜூலையில் பதினைந்து ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

சிறையில் பிறந்த நூல்

கெய்ரோவின் தெற்கே உள்ள தூரா சிறையில் அவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருந்தார். நுரையீரல் நோயால் பெரும்பாலான நாள்கள் சிறை மருத்துவமனையிலேயே கழிந்தன. 1952இலேயே தொடங்கியிருந்த ‘குர்ஆனின் நிழலில்’ என்னும் பேருரையைத் தொடர அரசு இசைவளித்தது. முப்பது பகுதிகளாக விரிந்த அவ்வுரை அரபு மொழியில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட திருமறை உரைகளுள் ஒன்றாயிற்று. அதன் முற்பகுதிகளில் பழைய கவிஞரைக் காணலாம். ஓசையும் காட்சியும் பற்றிய நுண்ணிய குறிப்புகள் பக்கந்தோறும் உள்ளன.

1957 ஜூன் திங்களில் தூரா சிறையில் காவலர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். இயக்கக் கைதிகள் 21 பேர் தம் அறைகளிலேயே மாண்டனர். இந்நிகழ்ச்சி குதுபின் சிந்தனையை முற்றிலும் மாற்றிற்று என்பர் ஆய்வாளர். தொழுகின்ற முஸ்லிம்களைச் சிறையிலேயே சுட்டுக் கொல்லும் ஆட்சியாளரை முஸ்லிம் எனல் தகுமா என்னும் வினா அவருள் எழுந்தது. விடையை அவர் மௌதூதியின் எழுத்துகளிலிருந்து பெற்ற இரு சொற்களால் அமைத்தார். ஒன்று ‘ஹாக்கிமிய்யா’, இறையாண்மை இறைவனுக்கே உரியது, மனிதன் இயற்றும் சட்டம் அதனைப் பறிப்பதாகும் என்பது இதன் பொருளாக்கப்பட்டது. மற்றொன்று ‘ஜாஹிலிய்யா’. நபிகள் நாயகத்திற்கு முற்பட்ட அரபு நாட்டு அறியாமைக் காலத்தைக் குறிக்க வழங்கிவந்த அச்சொல்லை, தம் காலத்துச் சமூகங்கள் அனைத்திற்கும், முஸ்லிம் எனத் தம்மை அழைத்துக் கொள்ளும் சமூகங்களுக்கும், குதுப் பொருத்தினார்.

கவிஞர்கள் உற்று நோக்க வேண்டிய இடம் இதுவே. ஒரு சொல்லின் பல அடுக்குகளையும் அதன் ஓசை தரும் குறிப்புப் பொருளையும் விரித்துக் காட்டியவர், இப்போது இரண்டு சொற்களுக்கு ஒவ்வொரு பொருளே உண்டு என நிறுத்தினார். அப்பொருளும் ஒரு தீர்ப்பாக இருந்தது. தம் பேருரையின் முற்பகுதிகளையும் இக்கோட்பாட்டிற்கேற்பத் திருத்தி எழுதினார். மௌதூதிக்கு இச்சொற்கள் கட்சி அமைத்துத் தேர்தலில் நின்று ஆட்சியை மாற்றும் வாதங்களாகப் பயன்பட்டன. சிறைச்சுவருக்குள் இருந்தவர்க்கோ தேர்தலும் இல்லை, கட்சியும் இல்லை. எனவே அவர் கோட்பாடு, அறியாமைச் சமூகத்திலிருந்து உளத்தால் விலகி நின்று, காலம் கனிந்தபோது அதனைத் தகர்க்கும் முன்னணிப் படை ஒன்றினை நாடிற்று.

ஈராக்கின் அதிபர் அப்துஸ் சலாம் ஆரிஃப் பரிந்துரைத்ததன் பேரில் 1964 மே திங்களில் அவர் விடுதலையானார். அதே ஆண்டு இறுதியில் ‘வழிக்குறிகள்’ என்னும் சிறு நூல் வெளிவந்தது. சில திங்களில் பல பதிப்புகள் கண்டது. பழைய நண்பர் மஹ்ஃபூஸ் ஹல்வானில் இருந்த அவர் இல்லத்திற்குச் சென்று கண்டார். இலக்கியம் பேசச் சென்றவர், தாம் அறிந்த மனிதர் அங்கு இல்லை என்பதை உணர்ந்து திரும்பினார். 1972இல் வெளியான ‘கண்ணாடிகள்’ என்னும் நூலில் மஹ்ஃபூஸ் வேறு பெயரிட்டுத் தீட்டிய பாத்திரம் ஒன்றில் குதுபின் சாயல் இருப்பதை வாசகர் இனங்கண்டனர்.

தீர்ப்பு

1965 ஆகஸ்டில் குதுப் மீண்டும் சிறைப்பட்டார். இயக்கத்தை மறைவாகக் கட்டிக்கொண்டிருந்த இளைஞர் குழு ஒன்று அவரைத் தம் ஆசானாக ஏற்றிருந்தது. அவர்களிடம் ஆயுதம் சேர்க்கும் திட்டங்கள் இருந்தன. அரசு தாக்கினால் திருப்பித் தாக்குவதற்கு அவர் உடன்பட்டார். பொதுமக்களுக்குக் கேடு விளைக்கும் சில திட்டங்களைத் தடுத்தார். படைத்துறை நீதிமன்றத்தில் ‘வழிக்குறிகள்’ நூலே முதன்மையான சான்றாகக் காட்டப்பட்டது. 1966 ஆகஸ்ட் 21 அன்று தூக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து வந்த வேண்டுகோள்கள் ஏற்கப்படவில்லை. ஆகஸ்ட் 29 விடியலில் அவரும் மற்றும் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 59.

நூலை மறுக்க நூல் எழுதுவதே முறை. அல்-அஸ்ஹரின் அறிஞர்கள் அதனைச் செய்தனர். முஸ்லிம்களையே மார்க்கத்திற்குப் புறம்பானவர் எனத் தீர்ப்பிட்ட பழங்காலக் காரிஜிய்யாக்களோடு குதுபின் கருத்தை ஒப்பிட்டுக் கண்டித்தனர். சகோதரத்துவ இயக்கத்தின் தலைவராயிருந்த ஹசன் அல்-ஹுதைபியின் பெயரால், அழைப்பவர் நாம், தீர்ப்பிடுவோர் அல்லர் என்னும் கருத்தைத் தலைப்பிலேயே உடைய நூல் சிறையிலிருந்தே எழுதப்பட்டது. எனினும் தூக்குக் கயிறு அம்மறுப்புகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிற்று. நூலாசிரியர் தியாகியானார். விவாதிக்கத்தக்க நூல், வணங்கத்தக்க நூலாயிற்று.

விளைவுகள்

குதுபின் எழுத்தைப் படித்தோர் அனைவரும் ஒரே வழியில் செல்லவில்லை. ஏழைக்கு நீதி வேண்டும் என்னும் பகுதியை ஏற்றோர் உண்டு. உரையின் சொல்லழகை மட்டும் ஏற்றோரும் உண்டு. ஆயினும் சமூகம் முழுவதும் அறியாமையில் உள்ளது என்னும் தீர்ப்பைப் பற்றிக்கொண்ட சிறு குழுக்களே வரலாற்றைக் குலைத்தன. ஷுக்ரி முஸ்தஃபாவின் குழு 1977இல் முன்னாள் அமைச்சரும் திருமறை அறிஞருமான முஹம்மத் அல்-தஹபியைக் கடத்திக் கொன்றது. 1981 அக்டோபர் 6 அன்று அதிபர் அன்வர் சாதாத் படை அணிவகுப்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சிறைப்பட்ட மருத்துவர் அய்மன் அல்-ஜவாஹிரி, பின்னாளில் அல்-காயிதாவின் தலைவராகி 2022இல் காபூலில் கொல்லப்பட்டார். குதுபின் வாழ்வும் மரணமுமே இயக்கத்தின் பொறி என அவர் எழுதியுள்ளார். ஈரானில் நூல்கள் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டன. 1984இல் சிறைக்கம்பிகளின் பின்னே குதுப் நிற்கும் அஞ்சல்தலையை அந்நாட்டரசு வெளியிட்டது.

அரசும் மாறிற்று. 1967இல் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடிநிலை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, 2012 வரை நீடித்தது. குடிமக்கள் படைத்துறை நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டனர். சமயவாதிகளை ஒடுக்கிய அதே அரசு, அவர்தம் செல்வாக்கைக் கவரும் பொருட்டு, 1980இல் ஷரீஅத்தின் நெறிகளே சட்டத்தின் முதன்மை ஊற்று என அரசியலமைப்பைத் திருத்திற்று. 1997இல் லக்ஸரில் ஆயுதக் குழுவினர் 62 பேரைக் கொன்றனர். அதே ஆண்டில் அவ்வமைப்பின் மூத்த தலைவர்கள் சிறையிலிருந்து வன்முறையைக் கைவிடுவதாக அறிவித்தனர். பின்னர்த் தம் பழைய கருத்துகளைத் தாமே மறுத்து நூல்களும் எழுதினர். சிறை ஒருவரை எதிர்த்திசையிலும் சிந்திக்க வைக்கும் என்பதற்கு அது சான்று. 2012 தேர்தலில் வென்ற சகோதரத்துவ இயக்கம் ஓராண்டே ஆண்டது. 2013 ஜூலையில் படை அவ்வாட்சியை அகற்றியது. ஆகஸ்டில் ராபிஆ சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அப்போது இயக்கத்தின் தலைவராயிருந்த முஹம்மத் பதீ, 1965இல் குதுபோடு தொடர்புடைய வழக்கில் சிறைசென்ற இளைஞர். அரை நூற்றாண்டு கழிந்தும் சிறையும் சதுக்கமும் அவ்வாறே நின்றன.

இல்லத்தாரும் தப்பவில்லை. தங்கை ஹமீதாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை கிடைத்தது. 1945இல் உடன்பிறந்தார் நால்வரும் சேர்ந்து ‘நான்கு நிழலுருக்கள்’ என ஒரு நூல் எழுதியிருந்தனர்; அவ்வளவு எழுத்தார்வம் மிக்க குடும்பம் அது. மற்றொரு தங்கையாகிய அமீனா, சிறையிலிருந்த கமால் அல்-சனானிரியை மணக்க இசைந்து, அவர் விடுதலையாகும்வரை பல்லாண்டு காத்திருந்தார். 1981இல் மீண்டும் சிறைப்பட்ட கணவர் சிறையிலேயே இறந்தார். அமீனா எழுதிய இரங்கற் கவிதைகளில் கோட்பாடு குறைவு, கண்ணீரே மிகுதி. அண்ணன் கைவிட்ட கவிதை தங்கையின் துயரத்தில் மீண்டது.

இலக்கியத்தின் மீது விழுந்த அடி தனியே எண்ணத்தக்கது. 1992இல் எழுத்தாளர் ஃபரஜ் ஃபவ்தா சுட்டுக் கொல்லப்பட்டார். திருமறையை இலக்கிய நோக்கில் ஆராய்ந்த பேராசிரியர் நஸ்ர் ஹாமித் அபூ ஜைத் மார்க்கத்தினின்று விலகியவர் என 1995இல் கெய்ரோ நீதிமன்றம் தீர்ப்பளித்து அவர் திருமணத்தை முறித்தது. கணவரும் மனைவியும் நெதர்லாந்து சென்று வாழ நேர்ந்தது. திருமறையின் சொல்லோவியத்தைத் தேடி 1945இல் குதுப் நடந்த இலக்கிய வழிக்கு அண்மையான வழியே அபூ ஜைத் நடந்ததும்.

1994 அக்டோபரில் இளைஞர் ஒருவர், 82 வயது நிரம்பிய நகீப் மஹ்ஃபூஸை வீட்டு வாயிலருகே கழுத்தில் குத்தினார். 1959இல் தொடராக வந்த நாவல் ஒன்றின் பொருட்டு விழுந்த குத்து அது. குத்தியவர் அந்நாவலைப் படித்தவர் அல்லர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அம்முதியவரின் எழுத்தை நாட்டிற்கு எடுத்துக் காட்டியவருள் முதல்வர் சையித் குதுப் என்பதும் அவ்விளைஞர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மஹ்ஃபூஸ் பிழைத்தார். நரம்பு சிதைந்த வலக்கையால் எழுத இயலவில்லை. பள்ளிச் சிறுவரைப் போல நாள்தோறும் பயின்று மீண்டும் சில வரிகள் எழுதக் கற்றார். நீண்ட நாவல்கள் எழுதிய அவர், இறுதி ஆண்டுகளில் சில வரிகளே கொண்ட கனவுக் குறிப்புகளை எழுதியும் சொல்லி எழுதுவித்தும் வெளியிட்டார். அவற்றுள் யார் மீதும் தீர்ப்பு இல்லை. தெருவும் நண்பரும் இழந்த காதலும் கலந்து வரும் தெளிவற்ற காட்சிகளே உள்ளன. 2006 ஆகஸ்ட் 30 அன்று அவர் மறைந்தார். குதுப் தூக்கிலிடப்பட்டு நாற்பது ஆண்டுகளும் ஒருநாளும் கழிந்திருந்தன.

குதுப் துன்புற்றார் என்பதும், அவரைத் துன்புறுத்தியோர் குற்றவாளிகள் என்பதும் உண்மை. அவர் சொற்களைக் கையில் ஏந்தியோர் பிறரைத் துன்புறுத்தினர் என்பதும் அதே அளவு உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்வோர் அவர் வாழ்வைப் பாதியே சொன்னவராவர். ஒரு சொல்லின் பல பொருளையும் பொறுமையோடு கேட்டறிந்த கவிஞர் ஒருவர், வலியின் மிகுதியால் அப்பொறுமையை இழந்தார். அவர் எழுதிய தீர்ப்பு, எழுதிய அறையிலேயே நின்றுவிடவில்லை. படிக்காதவர் கையிலும் அது கத்தியாயிற்று.